150-இல் 25% கழித்தால் ஏன் தப்பு?

கேள்வி:

வணக்கம் டீச்சர். நான் பள்ளி மாணவி. எண்ணைக் கொடுத்து “இதில் 15% எவ்வளவு” என்று கேட்டால் உடனே போட்டுவிடுவேன். இயற்கணித வகுப்பில் சதவீத மாற்றக் கணக்கு வந்ததும் எல்லாம் குழம்பிவிடுகிறது. போன வாரத் தேர்வில் அப்படி மூன்று கணக்கு. மூன்றும் தப்பு.

முதலாவது: ஒரு நூலகத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 25% கூடி 150 ஆனது, முன்பு எத்தனை பேர்? நான் 150-இல் 25% கழித்து 112.5 என்று எழுதினேன். “அந்த அரை ஆள் யார்” என்று வகுப்பே சிரித்தது. இரண்டாவது: ஒரு எண்ணை 20% கூட்டி, வந்ததை 20% குறைத்தால் மொத்த மாற்றம் என்ன? “மாற்றம் இல்லை” என்று எழுதினேன். மூன்றாவது: ஒரு செவ்வகத்தின் நீளம் 25% கூடுகிறது, பரப்பளவு மாறாமல் இருக்க அகலம் எத்தனை சதவீதம் குறைய வேண்டும்? நீளமும் கொடுக்கவில்லை, அகலமும் கொடுக்கவில்லை. 25% என்று ஊகித்து எழுதிவிட்டு வந்தேன்.

சூத்திரம் மனப்பாடமாகத் தெரியும். எக்ஸ் வந்தால்தான் கை நின்றுவிடுகிறது. எழுந்து கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்டாலும் என்ன கேட்பது என்று தெரியவில்லை. யாரிடம், எப்படி உதவி கேட்பது?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

மூன்று தப்பு என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிவது ஒரே ஒரு தப்பு. அதையே மூன்று கணக்கிலும் செய்திருக்கிறாய். ஆகையால் சரிசெய்ய வேண்டியதும் ஒன்றுதான். உன் கடிதத்தில் எனக்குப் பிடித்த விஷயம், விடையோடு நிறுத்தாமல் எப்படிப் போட்டாய் என்பதையும் எழுதியிருப்பது. அதனால்தான் என்னால் பதில் சொல்ல முடிகிறது. உதவி கேட்பது பற்றிப் பிறகு வருகிறேன், முதலில் அந்த அரை ஆளைப் பார்ப்போம்.

112.5 பேரில் இருந்து தொடங்கி, கணக்கில் சொன்னதை அப்படியே முன்னோக்கிச் செய்து பார். 112.5-இல் 25% என்பது 28.125. கூட்டினால் 140.625. கணக்கு 150 என்கிறது. ஒன்பது பேருக்கு மேல் காணவில்லை! எங்கே போனார்கள்?

நீ கழித்தது 150-இல் 25%, அதாவது 37.5. நூலகத்தில் கூடியதோ பழைய எண்ணிக்கையில் 25%. பழைய எண்ணிக்கை 150-ஐ விடச் சிறியது, ஆகவே அதில் 25% என்பதும் 37.5-ஐ விடச் சிறியதாகத்தான் இருக்கும். வந்தவர்களை விட அதிகம் பேரை நீ வெளியே அனுப்பிவிட்டாய். அவ்வளவுதான் தப்பு.

யாராவது வந்து “பாதியைக் கொடு” என்றால் என்ன கேட்பாய்? “எதில் பாதி?” என்று கேட்பாய். சதவீதமும் அதே மாதிரி அரைகுறை வாக்கியம். சதம் என்றால் நூறு, வீதம் என்றால் விகிதப்படி. நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் என்று முழுதாகச் சொல்லும்போதே “எந்த நூற்றுக்கு?” என்ற கேள்வி கூடவே வரும். சுருக்கி 25% என்று எழுதும்போது அந்தக் கேள்வி காணாமல் போகிறது. 15% எவ்வளவு என்ற கணக்கை நீ எளிதாகப் போடுவதற்குக் காரணம், அங்கே “இதில்” என்ற சொல்லைக் கணக்கே கொடுத்துவிடுகிறது. மாற்றக் கணக்கில் அதை நீதான் நிரப்ப வேண்டும். நிரப்புவதற்கான விதி எப்போதும் ஒன்றுதான்: கூடியதோ குறைந்ததோ, மாற்றம் நடக்கும் முன் இருந்த அளவில்.

இப்போது எக்ஸ். உன் கை ஏன் நிற்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். எக்ஸ் என்பது “தெரியாதது” என்று மட்டும் உனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. தெரியாததை வைத்துக்கொண்டு யாரால் என்ன செய்ய முடியும்? அதனால் இந்தப் பதிலில் நான் எக்ஸ் எழுதப்போவதில்லை. ப என்று எழுதுகிறேன். ப என்றால் பழையது. பரீட்சையில் நீ எக்ஸ் என்றே எழுதிக்கொள், ஆனால் எழுதும் முன் விடைத்தாளில் ஒரு வரி சேர்த்துவிடு: “எக்ஸ் = கூடுவதற்கு முன் இருந்த உறுப்பினர் எண்ணிக்கை”. இந்த ஒரு வரி எழுதுகிற பிள்ளைகள் 112.5-க்குப் போவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சரி, சமன்பாடு. நீ பெரும்பாலும் இப்படி எழுதியிருப்பாய்:

ப + 25% = 150

அப்புறம் “கூட்டல் மறுபக்கம் போனால் கழித்தல்” என்று ப = 150 − 25%. சரிதானே? விதியை நீ ஒழுங்காகத்தான் பயன்படுத்தினாய், பயன்படுத்தக் கூடாத இடத்தில் பயன்படுத்திவிட்டாய். ப + 25% என்பதில் அந்த 25% ஒரு தனி எண் இல்லை. அது ப-வின் ஒரு பகுதி. இடதுபக்கம் இருந்தபோது ப-வில் 25% ஆக இருந்தது, சமக்குறியைத் தாண்டியதும் 150-இல் 25% ஆக மாறிவிட்டது. ஒரு எண் சமக்குறியைத் தாண்டும்போது ஆளே மாறிப்போகக் கூடாது. கால்குலேட்டரும் இதில் உன்னைக் கைவிடும் என்பதைச் சொல்லிவைக்கிறேன். பல கால்குலேட்டர்களில் 150 − 25% என்று அழுத்தினால் சமர்த்தாக 112.5 என்றே காட்டும். அது நீ கேட்டதற்குப் பதில், கணக்கு கேட்டதற்கு இல்லை.

சரியான வரி இது:

ப + 0.25 × ப = 150

0.25-க்குப் பின்னால் ஒரு ப நிற்கிறது பார், அதுதான் விடுபட்ட “எதில்”. என் வகுப்பில் சதவீதக் குறியை எழுதிவிட்டுப் பக்கத்தில் எழுத்து இல்லாமல் விட்டால், நான் சிவப்பு மையில் “எதில்?” என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வேறு எதுவும் எழுதத் தேவைப்படுவதில்லை.

இனி ப-க்களைச் சேர்க்க வேண்டும். முதல் ப-வுக்கு முன்னால் எண் எதுவும் இல்லாததுபோலத் தெரியும். அங்கே ஒரு 1 இருக்கிறது. 1 ப-வும் 0.25 ப-வும் சேர்ந்தால் 1.25 ப. ஆகவே 1.25 × ப = 150, ப = 150 ÷ 1.25 = 120. சரிபார்: 120-இல் 25% என்பது 30, கூட்டினால் 150. எல்லாரும் முழு ஆட்கள்.

உன் ஆசிரியர் இதையே “125 சதவீதத்துக்கு 150, அப்படியானால் 100 சதவீதத்துக்கு எவ்வளவு” என்று விகிதமாகச் சொல்லித்தந்திருக்கலாம். அதுவும் இதேதான். 150-ஐ 125-ஆல் வகுத்தால் 1 சதவீதத்துக்கு 1.2, நூற்றுக்கு 120. உனக்கு எது கைக்கு வருகிறதோ அதையே வைத்துக்கொள், ஒரே கணக்கில் இரண்டையும் கலக்காதே.

அந்த 1.25 என்ற எண்ணோடு கொஞ்சம் பழகிக்கொள் என்பேன். சதவீத மாற்றத்தைக் கூட்டல் கழித்தலாகப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெருக்கலாகப் பார்க்கத் தொடங்கினால், இந்தப் பாடத்தில் முக்கால்வாசி முடிந்துவிடும். 25% கூடுவது என்றால் 1.25-ஆல் பெருக்குவது. 20% குறைவது என்றால் மிச்சம் 80%, ஆகவே 0.8-ஆல் பெருக்குவது. 7% கூடினால் 1.07. இங்கே அவசரத்தில் 1.7 என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது 70% கூடியதாகிவிடும். அரை சதவீதம் கூடினால் 1.005. 100% கூடினால் 2, அதாவது இரட்டிப்பு. 300% கூடினால் 4 மடங்கு, 3 இல்லை. முன்பு இருந்த அந்த 1 எங்கேயும் போய்விடவில்லை. 100% குறைந்தால் பூச்சியம். எண்ணிக்கை, நீளம், எடை போன்றவற்றில் அதற்கு மேல் குறைய ஒன்றும் இல்லை. எனவே உன் விடையில் உறுப்பினர் எண்ணிக்கை 130% குறைந்தது என்று வந்தால், யாரையும் கேட்காமலே அடித்துவிடலாம்.

இரண்டாவது கணக்குக்கு வருவோம். 20% கூட்டி 20% குறைப்பது. இதில் உன்னைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மணி அடிக்கப்போகிற அவசரத்தில், “கூடியதும் 20, குறைந்ததும் 20, கணக்கு நேர்” என்று கரும்பலகை முன்னால் நின்று சொன்னவள்தான் நானும். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன் “டீச்சர், 100 வச்சுப் பாருங்க” என்றான். வைத்துப் பார்த்தேன். 100-இல் 20% கூடினால் 120. 120-இல் 20% என்பது 24. கழித்தால் 96. அன்றைக்கு முகம் சிவந்தது, ஆனால் அந்தக் கணக்கு அதற்குப் பிறகு எனக்கு மறக்கவே இல்லை. வகுப்பில் சிரிப்பு வாங்கிய தப்புக்கு அந்த ஒரு நன்மை உண்டு.

பெருக்கலாகப் பார்த்தால் ஒரே வரி: 1.2 × 0.8 = 0.96. மொத்தத்தில் 4% குறைவு. முதலில் குறைத்துப் பிறகு கூட்டினாலும் 0.8 × 1.2, அதே 0.96. எந்த எண்ணில் தொடங்கினாலும் இதேதான், எக்ஸ் என்ன என்று கண்டுபிடிக்கத் தேவையே இல்லை. கூட்டியபோது “எதில்” என்பதற்கு விடை பழைய எண். குறைத்தபோது அது கூடிப் பெரிதான எண். பெரிய எண்ணில் எடுத்த 20% பெரிதாகத்தான் இருக்கும்.

இயற்கணிதம் இங்கே உனக்கு ஒரு உதவி செய்கிறது. (1 + அ)(1 − அ) = 1 − அ² என்ற முற்றொருமையை நீ படித்திருப்பாய், எதற்கு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதற்குத்தான். ஒரே சதவீதத்தைக் கூட்டிக் குறைத்தால் இழப்பு எப்போதும் அ². 10% என்றால் 0.1-இன் வர்க்கம் 0.01, அதாவது 1% குறைவு. 20% என்றால் 4%. 50% கூடி 50% குறைந்தால் கால்வாசியே போய்விடும்.

இதே காரணத்தால் சதவீதங்களை ஒன்றோடொன்று கூட்டக் கூடாது. 10% கூடி, மறுபடி 10% கூடினால் 20% இல்லை. 1.1 × 1.1 = 1.21, ஆக 21%. அந்த உபரி 1% எங்கிருந்து வந்தது என்றால், முதலில் கூடிய பத்தும் இரண்டாம் முறை தன் பங்குக்கு 10% கூடியது. உன் பாடத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளி இப்படியொரு கணக்கு வரலாம்: ஒரு அளவு இரண்டு முறை ஒரே சதவீதம் கூடி மொத்தம் 44% கூடியது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு? பாதியாக்கி 22 என்று எழுதக் கை துறுதுறுக்கும். (1 + அ)² = 1.44, வர்க்கமூலம் 1.2, ஆகவே 20%. இன்னொரு மூலமான −1.2-ஐ எடுத்தால் அ = −2.2 வரும், அதாவது 220% குறைவு. அது ஏன் ஆகாது என்று மேலேயே பார்த்துவிட்டோம்.

மூன்றாவது கணக்குதான் மூன்றிலும் அழகானது. அது வந்த பக்கத்தை நீ வெறுத்திருப்பாய் என்றாலும் சொல்கிறேன். நீளமும் அகலமும் கொடுக்கவில்லை என்று தடுமாறியிருக்கிறாய். கொடுக்காதது குறை இல்லை, அவை எதுவாக இருந்தாலும் விடை ஒன்றுதான் என்று கணக்கு உனக்குக் கொடுக்கும் துப்பு. நீளத்துக்கு ந, அகலத்துக்கு அ என்று வை. பழைய பரப்பளவு ந × அ. புதிய நீளம் 1.25 ந. அகலம் ஏதோ ஒரு எண்ணால் பெருக்கப்படுகிறது, அந்த எண்ணை ம என்று வை. பரப்பளவு மாறவில்லை என்பதால்:

1.25 × ந × ம × அ = ந × அ

இரண்டு பக்கமும் ந-வும் அ-வும் அடிபட்டுப் போகும். 1.25 × ம = 1. ம = 0.8. அகலம் பழையதில் 80% ஆக இருக்க வேண்டும், அதாவது 20% குறைய வேண்டும். பயமுறுத்திய எழுத்துகள் எல்லாம் கடைசியில் காணாமல் போய்விட்டன. இந்த மாதிரிக் கணக்கில் அவை போவதற்காகத்தான் வருகின்றன, தைரியமாக எழுது.

25% கூடியதை ஈடுகட்ட ஏன் 20% போதும்? கைவிரலில் காட்டிவிடலாம். 4-இல் இருந்து 5-க்குப் போ. கூடியது 1. அது 4-இல் கால்வாசி, 25%. இப்போது 5-இல் இருந்து 4-க்குத் திரும்பி வா. குறைந்ததும் அதே 1. ஆனால் அது 5-இல் ஐந்தில் ஒரு பங்கு, 20%. ஏறியதும் இறங்கியதும் ஒரே படிதான். அதைக் கீழே நின்று பார்த்தால் 25, மேலே நின்று பார்த்தால் 20. செவ்வகத்தையும் இப்படியே பார்: நீளம் 4, அகலம் 5 என்றால் பரப்பளவு 20. நீளம் 5 ஆகிறது, அகலம் 4 ஆகிறது, பரப்பளவு அதே 20.

இப்போது முதல் கணக்கை மறுபடி பார். 25% கூடி 150. பழையதுக்குத் திரும்ப வேண்டும், அதாவது மேலே நின்று கீழே இறங்க வேண்டும். 150-இல் 20% என்பது 30. கழித்தால் 120. நூலகக் கணக்கும் செவ்வகக் கணக்கும் ஒன்றேதான். இரண்டிலும் நீ கீழே நின்று பார்த்த எண்ணை மேலே நின்று பயன்படுத்தினாய். இரண்டாவதிலும் அதுதான் நடந்தது. 20% ஏறியதைச் சரியாக இறக்க 16⅔% போதும், நீ 20% இறக்கினாய், அதனால்தான் தொடங்கிய இடத்துக்கும் கீழே 96-இல் போய் நின்றது.

இதே படியை வைத்து இன்னும் சில உனக்கே வரும். 2-இல் இருந்து 3-க்கு 50% ஏற்றம், திரும்பி வர 33⅓% இறக்கம். 1-இல் இருந்து 2-க்கு 100% ஏற்றம், திரும்பி வர 50%. ஒன்று பாதியாகிவிட்டால் பழைய நிலைக்கு வர 50% அல்ல, 100% கூட வேண்டும் என்பதும் இதில் இருந்தே தெரிந்துவிடும். பூச்சியத்தில் இருந்து 5-க்குப் போனதைச் சதவீதத்தில் சொல்லவே முடியாது, பூச்சியத்தால் வகுக்க முடியாதே.

மனப்பாடமாக இருக்கிறது என்று சொன்ன சூத்திரம் — புதியதில் இருந்து பழையதைக் கழி, பழையதால் வகு, 100-ஆல் பெருக்கு — சரியான சூத்திரம்தான். ஆனால் எது பழையது என்று அது சொல்லாது. அதைக் கணக்கின் மொழிதான் சொல்லும். உண்மையில் நிறையப் பேர் தோற்பது கணிதத்தில் இல்லை, தமிழில். “40-இல் இருந்து 50 ஆனது” என்றால் “இருந்து” ஒட்டியிருக்கும் எண் பழையது, 25% கூடுதல். முன்பு, பின்பு என்று காலமே இல்லாத கணக்குகளும் உண்டு: “முதல் குழுவை விட இரண்டாம் குழுவில் 25% பேர் அதிகம்.” இங்கே “விட” எதோடு ஒட்டியிருக்கிறதோ அதுதான் ப. முதல் குழு ப, இரண்டாம் குழு 1.25 ப. “அப்படியானால் இரண்டாம் குழுவை விட முதல் குழுவில் எத்தனை சதவீதம் குறைவு?” என்று கேட்டால் “விட” இடம் மாறிவிட்டது, விடையும் 20% ஆகிவிடும். கணக்கைப் படிக்கும்போது பென்சிலால் “இருந்து”, “விட”, “-இல்” ஆகியவற்றுக்கு முன்னால் இருக்கும் சொல்லை வட்டமிட்டுக்கொள்.

“ஆக” என்ற ஒட்டில் ரொம்பக் கவனம் வேண்டும். தொட்டியில் 500 லிட்டர் நீர் இருந்தது. “20% குறைந்தது” என்றால் மிச்சம் 400 லிட்டர். “20% ஆகக் குறைந்தது” என்றால் மிச்சம் 100 லிட்டர். இரண்டு எழுத்தில் 300 லிட்டர் போய்விடுகிறது! “மூன்று மடங்கு ஆனது” என்பதும் அப்படித்தான், அது 200% கூடுதல். அளவே சதவீதத்தில் இருந்தால் குழப்பம் இன்னொரு படி ஏறும். கைப்பேசியின் சார்ஜ் 40%-இல் இருந்து 50% ஆனால், ஏறியது 10 சதவீதப் புள்ளிகள். முன்பு இருந்த சார்ஜோடு ஒப்பிட்டால் 25% கூடுதல். “10% கூடியது” என்று சொன்னால் 44% என்றுதான் அர்த்தம் வர வேண்டும், ஆனால் செய்திகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது சர்வசாதாரணம். தேர்வில் எது கேட்கப்படுகிறது என்று ஒரு நிமிடம் நின்று பார்.

இனி நீ கேட்ட உதவி விஷயம்.

“எனக்குச் சதவீத மாற்றம் புரியவில்லை” என்று எந்த ஆசிரியரிடமும் போய் நிற்காதே. அவர் பாடத்தை முதலில் இருந்து இன்னொரு முறை சொல்வார், நீயும் தலையாட்டிவிட்டு வருவாய், இரண்டு பேருக்கும் நேரம் போகும். நோட்டைத் திறந்து நீ போட்ட வரியைக் காட்டி, “ப + 25% = 150 என்று எழுதினேன், இந்த வரி வரைக்கும் சரியா?” என்று கேள். அரை நிமிடத்தில் பதில் வரும். எனக்கு வருகிற கேள்விகளில் நான் உடனே பதில் சொல்வது இந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான், ஆசிரியர்கள் பலரும் அப்படித்தான். வகுப்பில் எழுந்து கேட்க வெட்கம் என்றால் வகுப்பு முடிந்து மேசையருகே போய்க் கேட்கலாம். தப்பான வரியை அழித்துவிட்டு மட்டும் போகாதே. அழித்த பக்கத்தைப் பார்த்து யாராலும் உனக்கு உதவ முடியாது.

சிரித்த தோழிகளில் யாராவது ஒருத்தியிடம், “அரை ஆள் வராது என்பது சரி, 112.5 ஏன் வராது என்று சொல்லு பார்ப்போம்” என்று கேட்டுப் பார். அவள் தெளிவாகச் சொல்லிவிட்டால் உனக்கு ஒரு ஆசிரியை கிடைத்துவிட்டாள். சொல்ல முடியாமல் விழித்தால், இந்தப் பதிலில் படித்ததை நீ அவளுக்குச் சொல்லு. வாய்விட்டுச் சொல்லும்போதுதான் எந்த இடத்தில் உனக்கே நூல் அறுகிறது என்று தெரியும்.

கணக்கைப் படம் எடுத்தால் படிப்படியாக விடை தரும் செயலிகளைப் பயன்படுத்தலாமா என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் பயன்படுத்துவாய் என்று தெரியும். நீ முதலில் போட்டுவிட்டு, பிறகு அதன் வரிகளையும் உன் வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, முதன்முதலாக எந்த வரியில் வேறுபடுகிறது என்று கண்டுபிடிப்பதற்கானால் தாராளமாகப் பயன்படுத்து. வெறுமனே பார்த்து எழுதுவதற்கானால் வேண்டாம். அதில் சரியான வரிகள் மட்டும்தான் இருக்கும், நீ தடுக்கி விழுந்த வரி இருக்காது.

தனிப் பயிற்சிக்குப் போக வேண்டுமா என்றும் மனதில் ஓடியிருக்கலாம். உன் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இப்போதைக்குத் தேவையில்லை என்பேன். ஒரு வாரம் இதைச் செய்து பார். புத்தகக் கணக்கைப் போடாமல் நீயே கணக்கு தயார் செய். 80 என்று ஒரு எண்ணை எடு, 15% கூட்டு, 92 வருகிறது. “ஒரு எண் 15% கூடி 92 ஆனது, அந்த எண் எது?” என்று ஒரு தாளில் எழுதி, 80-ஐ மறைத்து மடித்து வை. இதே மாதிரி தினமும் நாலைந்து, கூடுவதும் குறைவதுமாகக் கலந்து. இரண்டு நாள் கழித்து எடுத்துப் போடு. கணக்கை உருவாக்கும்போது பெருக்கினாய், போடும்போது வகுக்கிறாய் என்பது உன் கைக்கே தெரிந்துவிடும். விடை வந்ததும் முன்னோக்கிச் செய்து சரிபார்ப்பதை மட்டும் எந்தக் கணக்கிலும் விடாதே. “கூடியிருக்கிறது, ஆகவே பழையது சிறியதாக இருக்க வேண்டும்” என்று மேலோட்டமாகப் பார்ப்பது போதாது. அந்தச் சோதனையில் உன் 112.5-உம் ஜம்மென்று தேறிவிடும்.

இவை சுலபமாக வரத் தொடங்கிய பிறகு ஒன்று போட்டுப் பார். நீரில் ஊறிய ஒரு ஸ்பாஞ்சின் எடை 100 கிராம். அதில் 99% நீர். கொஞ்சம் உலர்ந்த பிறகு அளந்தால் 98% நீர். இப்போது அதன் எடை என்ன? 99 கிராம் என்று எழுதத் தோன்றும். விடை 50 கிராம். நீரைப் பிடித்துக்கொண்டு தொடங்காதே, உலர்ந்தாலும் மாறாமல் இருக்கும் அந்த 1 கிராமில் இருந்து தொடங்கு.